காலித் தோட்டாவுக்கு மறுபிறவி

சுட்டு முடிந்ததும் தரையில் சிதறிக் கிடக்கும் காலிக் கூடுகளை நம் போலீஸ்காரர் கணக்கு ஒப்படைப்பதற்காகப் பொறுக்குவார். அமெரிக்கரோ வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுக்குகிறார். அங்கே தோட்டா தயாரிப்பது ஒரு குடிசைத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. பெயர் ‘ஹேண்ட்லோடிங்’.

பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப் போல் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. ஒரு ரைபிள் தோட்டா என்பது இவ்வளவுதான். சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். விலை கூடியதும் அதுதான். உப்பிய கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்த்தால் தோட்டா மறுபடி தயார். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ மருந்தை வாங்கி இவர்களுக்கு விற்றே கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் ஒரு நிறுவனத்தை வளர்த்தார். நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி 1949-ல் குண்டு தயாரிக்கத் தொடங்கியதும் இவர்களை நம்பித்தான்.

சிக்கனம் என்பது வீட்டில் சொல்லும் சமாதானம். மிச்சமாகும் காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்கள். உண்மையான ஈர்ப்பு துல்லியம். ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. ஆயிரம் கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், தோட்டாவுக்குத் தோட்டா வேகம் சற்று மாறினாலும் குண்டு மேலோ கீழோ விலகிவிடும். எனவே மருந்தை கிரெய்னில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லரின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிறார்கள்.

பயமும் அங்கேதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு மருந்துகளில் ஒன்று வேகமாக எரியும், இன்னொன்று மெதுவாக. டப்பா மாறினால் சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலத்தில் துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால்தான் மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பா என்று கையேடுகள் வற்புறுத்துகின்றன. பழி போடத் தொழிற்சாலையும் கிடையாது. ஆனால் முழுச் சுதந்திரம் என்றும் சொல்ல முடியாது. பிரைமர் கடையில்தான் வாங்கியாக வேண்டும். 2020 கோவிட் காலத்தில் அது கிடைக்காமல் பலர் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

இந்தியாவில் இதே மேஜை சிறைக்கு அனுப்பும். 1959 ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது ஏழாண்டு, ஆயுள்வரை போகலாம். நாட்டுத் துப்பாக்கிகள் புழங்கும் நாட்டில் இந்தக் கெடுபிடியைக் குறைசொல்வது கஷ்டம்.

இதனால் நம் பதக்கங்களுக்குப் பாதிப்பில்லை. அபினவ் பிந்த்ரா 2008-ல் தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில். ஸ்வப்னில் குசாலே 2024-ல் பாரிஸில் வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டி பாயிண்ட் 22 தோட்டாவுக்கானது. அதில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அமெரிக்கர்களும் பொதுவாக அதை மறுபடி நிரப்புவதில்லை. நஷ்டம் 300 மீட்டர் பெரிய ரைபிள்காரர்களுக்கு. அவர்களுடைய போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. வெளியே இன்னும் நடக்கிறது. அங்கே நம்மவர்கள் பெட்டியில் வந்த தோட்டாவை வந்தபடியே சுட வேண்டியிருக்கிறது.