பறக்கும் தட்டும் பாரபட்சமும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாசிகள் மாலை வேளையில் மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஆகாயக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்களின் விளக்குகள் அந்தரத்தில் தொங்குவது போலத் தோன்றும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாட்களில் வடதிசையில் நெருப்புக் கோடு ஒன்று எழும். சில மாதங்களில் மேற்கே சுக்கிரன் தீபம் ஏற்றி வைத்தாற்போல் ஜொலிக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டு, "அதோ, பறக்கும் தட்டு!" என்று ஒருவர் கூவிவிட்டால் போதும், தெரு முழுவதும் இரண்டு கட்சியாகிவிடும்.

2023 ஜூலையில், ஓய்வு பெற்ற போலீஸ் டி.ஜி.பி. பிரதீப் பிலிப், முட்டுக்காட்டுக் கடற்கரையில் இன்னதென்று தெரியாத ஒளிப் பொருள்களைப் படம் பிடித்ததாகத் தெரிவித்தார். இத்தகைய செய்தி வந்ததும் ஒரு கட்சியார், "இவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் பொய் சொல்வாரா?" என்பார்கள். மறு கட்சியார், "படித்தவரும் இப்படி மயங்கலாமா?" என்பார்கள். இரண்டு கேள்விகளும் மனிதரைப் பற்றியவையே. ஒளியைப் பற்றி எவரும் கேட்கவில்லை! பொய் வேறு, பிழை வேறு அன்றோ? உத்தமரும் தவறாகக் காணலாம். பாமரரும் சரியாகக் காணலாம்.

உத்தமர் பிழைபட்டதற்கு லடாக் எல்லையே உதாரணம். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, நம் ராணுவ வீரர்கள் ஓர் ஏரியின் மேல் 329 தடவை மர்மப் பொருள்களைக் கண்டு குறித்து வைத்தனர். சீனாவின் வேவு விமானங்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வான இயற்பியல் நிலையத்தார் ஆராய்ந்து, அவை வியாழனும் சுக்கிரனுமே என்று கண்டறிந்தனர். இரு தேசங்களுக்கிடையே விபரீதத்தை விளைவித்திருக்கக் கூடிய பிழை, குறிப்பு எழுதி வைத்து, அறிந்தவரிடம் கேட்டதனால் தெளிந்தது.

பாமரர் சரியாகக் கண்ட கதையும் உண்டு. வானத்திலிருந்து கல் விழுந்தது என்று குடியானவர்கள் சொன்னபோதெல்லாம், பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பண்டிதர் பலர் நகைத்தனர். 1803 ஏப்ரலில் பிரான்ஸில் லேகிள் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. பியோ என்ற விஞ்ஞானி நேரில் சென்று, கிராமத்தாரை விசாரித்து, கற்களையும் சோதித்த பின்னரே அவர்கள் சொல் மெய்யெனப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர்.

இனி, ஒரே கணக்கு இரு கட்சிக்கும் பயன்படும் வேடிக்கையைப் பாருங்கள். அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை 12,618 செய்திகளைத் திரட்டியது. அவற்றில் 701 மட்டும் இன்னதென்று தீர்மானமாகவில்லை. நம்புகிறவர் 701ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார். மறுப்பவர் மற்ற 11,917ஐக் காட்டி விசாரணையையே முடித்துவிடுகிறார். 'தெரியவில்லை' என்பதற்கு 'வேற்றுலகத்தார் வந்தனர்' என்பது பொருளன்று. 'ஒன்றுமே இல்லை' என்பதும் பொருளன்று.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. நம்புகிறவர் முதற்பகுதியை மறக்கிறார். பரிகசிப்பவர் கடைசிப் பகுதியை மறக்கிறார். பரிகாசத்தினால் விளையும் கேடு சிறிதன்று. நகைப்புக்கு அஞ்சிப் பலர் கண்டதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதை 2023இல் அமெரிக்காவின் நாஸா நியமித்த அறிஞர் குழுவும் எடுத்துரைத்தது. வேற்றுலகத் தொடர்புக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னதும் அதே குழுதான்.

ஆகவே, வீட்டுப் பிள்ளை மாடியிலிருந்து ஓடிவந்து, "வானத்தில் என்னவோ தெரிகிறது!" என்றால், கைகொட்டவும் வேண்டாம், கைகூப்பவும் வேண்டாம். மணி என்ன, எந்தத் திசை, எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம் தெரிந்தது, நகர்ந்ததா நின்றதா என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே நேரத்தில் நீங்களும் உடன் சென்று பாருங்கள். அது சுக்கிரனாகவே இருந்தாலும் நஷ்டமில்லை. அந்தக் குழந்தை ஒரு கிரகத்தை அறிந்துகொள்ளும், விசாரிக்கும் வழக்கத்தையும் கற்றுக்கொள்ளும்.