வேர்ட்பிரஸ் தீமை மாற்றிய பிறகும் பின்கதவு மூடாதது ஏன்?

முனிர்கா, புது தில்லி: ராமா மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று வந்தால் பல் டாக்டர், பிஜி விடுதி, கோச்சிங் சென்டர், வீட்டு புரோக்கர் என்று வரிசையாகப் போர்டுகள். பலவற்றில் போன் நம்பருக்குக் கீழே வெப்சைட் முகவரியும் இருக்கும். இப்படிப்பட்ட சின்ன சைட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிறக்கின்றன. தெரிந்த பையன் ஒருவர் வேர்ட்பிரஸ் போட்டு, ஒரு தீம் வாங்கி, லோகோ மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் வருஷா வருஷம் ஞாபகம் வரும். தீம் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் எடுத்த உங்கள் பெயர், நம்பர், பல்வலி விவரம் எல்லாம் அந்த சைட்டின் டேட்டாபேஸில் இருக்கிறது. அதைத் தொடும் உரிமை தீமுக்கும் உண்டு.

கலர், ஃபான்ட் மட்டும்தானே?

இல்லை. தீம் என்பது பிஎச்பி கோட். சைட்டில் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் தீமின் 'ஃபங்ஷன்ஸ்' ஃபைல் ஓடுகிறது. வேர்ட்பிரஸுக்கு என்னென்ன அனுமதி இருக்கிறதோ, அத்தனையும் அதற்கும் உண்டு: டேட்டாபேஸைப் படிக்கலாம், புது அட்மினை உருவாக்கலாம், மற்ற ஃபைல்களைத் திருத்தலாம். பெயின்ட் அடிக்க வந்தவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. உலகின் வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன என்பதால், ஒரே சாவி எத்தனை வீட்டைத் திறக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேபாளத்தில் நடந்தது

நமக்குப் பக்கத்திலேயே நடந்த சம்பவம் இது. அக்சஸ்பிரஸ் தீம்ஸ் ஒரு நேபாள நிறுவனம். அதன் தீம்களும் பிளகின்களும் சேர்ந்து சுமார் 3,60,000 சைட்டுகளில் இருந்தன. 2021 செப்டம்பரில் யாரோ அந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டுக்குள் புகுந்து, டவுன்லோடுக்கு வைத்திருந்த 40 தீம்களிலும் 53 பிளகின்களிலும் பின்கதவைச் செருகிவிட்டார்கள். வாங்கியவர்கள் ஏமாறவில்லை, திருட்டு காப்பியும் எடுக்கவில்லை. ஒரிஜினல் கடையில் ஒரிஜினல் சரக்கை எடுத்தார்கள். சரக்கிலேயே விஷம் கலந்திருந்தது.

பின்கதவு வேலை செய்த விதம்தான் இதில் கவனிக்க வேண்டியது. தீமை இன்ஸ்டால் செய்ததும் அதிலிருந்த 'இனிஷியல்' என்ற சின்ன ஃபைல் ஒருமுறை ஓடும். வேர்ட்பிரஸின் சொந்த ஃபோல்டரில் இருக்கும் 'வார்ஸ்' ஃபைலுக்குள், மொபைலைக் கண்டறிவது போலப் பெயர் வைத்த ஒரு ஃபங்ஷனை எழுதும். பிறகு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதன் பிறகு தீமை எவ்வளவு அலசினாலும் ஒன்றும் கிடைக்காது. தீமை நீக்கினாலும், அப்டேட் செய்தாலும், வேறு தீமுக்கே மாறினாலும் பின்கதவு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது இப்போது தீமில் இல்லை. (தீம் என்ற சொல்லோடு ஐ வேற்றுமை சேர்ந்தால் தமிழில் 'தீமை' ஆகிவிடுகிறது. தற்செயல்தான்!)

ஜெட்பேக் குழுவின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபின், அக்டோபர் நடுவில் அந்த ஃபைல்கள் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. விவரம் பொதுவெளிக்கு வந்தது 2022 ஜனவரியில். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ டைரக்டரியில் இருந்த பிரதிகளில் இந்தப் பின்கதவு இல்லை. நேரடியாக நிறுவனத்தின் சைட்டிலிருந்து எடுத்தவர்களுக்குத்தான் பாதிப்பு.

யாரும் செருகாத ஓட்டைகள்

எல்லா ஓட்டையும் சதி அல்ல, பெரும்பாலானவை கவனக்குறைவு. 2024 பிப்ரவரியில் பிரிக்ஸ் என்ற தீமில், லாகின் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் சர்வரில் தங்கள் கோடை ஓட்டலாம் என்று தெரியவந்தது. 13-ம் தேதி திருத்தப்பட்ட 1.9.6.1 பதிப்பு வந்தது. 14-ம் தேதியே தாக்குதல் தொடங்கிவிட்டது. மாதம் ஒருமுறை அப்டேட் பார்ப்பேன் என்பவருக்கு இதில் இடமே இல்லை.

என்னைக் கேட்டால் இன்னும் மோசமான ரகம், தீமுக்குள் இலவச இணைப்பாக வரும் பிளகின். ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற படம் ஓட்டும் பிளகின் பல நூறு தீம்களோடு கட்டாக வந்தது. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினாலே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலை டவுன்லோட் செய்ய வைத்தது அதன் ஓட்டை. 2014 தொடக்கத்திலேயே நிறுவனம் அதைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டது. ஆனால் தீமோடு வந்த பிரதிக்குத் தனி லைசென்ஸ் கிடையாது, அதனால் ஆட்டோ அப்டேட்டும் கிடையாது. தீம் தயாரிப்பவர் புதிய பதிப்பைச் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு. தன் சைட்டில் அப்படி ஒரு பிளகின் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த ஆண்டு டிசம்பரில் 'சோக்சோக்' தாக்குதல் வந்தபோது கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது.

சைட் நல்லாத்தானே ஓடுது?

உரிமையாளருக்கு அப்படித்தான் தெரியும். இந்த வகை மால்வேர் பலவும் அட்மின் லாகினில் இருப்பவரை விட்டுவிட்டு, கூகுள் தேடலில் இருந்து வருபவரை மட்டும் மோசடிப் பக்கத்துக்குத் திருப்பும். அதனால் லாகின் செய்யாமல், மொபைல் டேட்டாவில், கூகுளில் தேடி உங்கள் சைட்டைத் திறந்து பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் சைட்டைப் பதிவு செய்திருந்தால் எச்சரிக்கை மெயிலும் வரும்.

அடுத்து, தீம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்று கேளுங்கள். செய்துகொடுத்தவரின் அக்கவுன்ட்டில் இருந்தால், அவர் வேறு வேலைக்குப் போன அன்றே உங்கள் அப்டேட் நின்றிருக்கலாம். 'பிரீமியம் தீம் ஃப்ரீ' என்று கிடைத்ததைப் போட்டிருந்தால் பேச்சே இல்லை, எடுத்துவிடுங்கள். அதிகாரபூர்வ டைரக்டரியில் உள்ள தீம்களிலும் ஓட்டை வரும். புனே நிறுவனத்தின் அஸ்ட்ராவிலேயே 2024-ல் ஒன்று வந்தது. ஆனால் அங்கே திருத்தம் வந்ததும் டாஷ்போர்டில் அப்டேட் பட்டன் தெரியும். பயன்படுத்தாத பழைய தீம்களை டீஆக்டிவேட் செய்தால் போதாது, அவற்றின் ஃபைல்கள் சர்வரிலேயே கிடக்கும். டெலிட் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே புகுந்திருந்தால்? அக்சஸ்பிரஸ் கதைப்படி, தீமை மட்டும் மாற்றுவது வீண். வேர்ட்பிரஸின் மூல ஃபைல்களைப் புதிதாக நிறுவி, தெரியாத அட்மின்களை நீக்கி, டேட்டாபேஸ், ஹோஸ்டிங், அட்மின் என எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, வெப்சைட்டில் ஊடுருவி கோடைச் செருகியது தெரியவந்தால் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக்குகளையும் வைத்திருக்க வேண்டும். விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் லாக்குகள் சீக்கிரமே அழிந்துவிடுவதுண்டு. சி-பேனல் இருந்தால், 'ரா ஆக்சஸ்' பகுதியில் லாக்குகளைச் சேமித்து வைக்கும் டிக் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. ஹோஸ்டிங் பாஸ்வேர்டு உங்களிடம் இருந்தால் ஒரு நிமிட வேலை.