பக்கவாதச் சிகிச்சையும் ஈல்ஸ் கண்நோயும்: மருத்துவ ஆய்வு சொல்வது என்ன?

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம். ஈல்ஸ் நோய் என்பது கண்ணின் விழித்திரையில் உள்ள சிறு சிரைகளில் அழற்சி ஏற்பட்டு, நாளடைவில் கண்ணுக்குள் ரத்தம் கசியும் நோய். முதலாவது ஊரறிந்த நோய். இரண்டாவதன் பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டுமே ரத்தக்குழாய் சார்ந்தவை, இரண்டிலுமே காலதாமதம் ஆபத்தானது. ஆனால் ஒன்றின் சிகிச்சை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து நிலைநாட்டப்பட்டது. மற்றொன்றில் அடிப்படையான ஒரு கேள்விக்கே இன்னும் முடிவான விடை இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதைச் சென்னையிலேயே நடந்த சில ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பக்கவாதம்: மணிக்கணக்கு

பக்கவாதத்தில் பெரும்பான்மை ரத்தக்கட்டி அடைப்பதால் வருவது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. எனவே கட்டியைக் கரைக்கும் மருந்தை விரைவாகக் கொடுத்தால் மூளை பிழைக்கும் என்று நினைப்பது இயல்பு. நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு.

மாரடைப்புக்குக் கொடுக்கப்பட்டுவந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தை 1990களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பக்கவாதத்துக்குச் சோதித்துப் பார்த்தார்கள். இதயத்தில் உயிர்காத்த அதே மருந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கி இறப்பை அதிகரித்தது. அந்த ஆய்வுகள் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. சோதிக்காமல் 'இதயத்துக்கு நல்லது, மூளைக்கும் நல்லதுதானே' என்று ஊரெங்கும் கொடுத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆல்டெப்ளேஸ் என்ற மற்றொரு மருந்தின் கதை வேறாக முடிந்தது. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் பாதிப்பேருக்கு மருந்தும் பாதிப்பேருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் செலுத்தினார்கள். ஆய்வின் இரண்டாம் பகுதியில், மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ஊனமின்றி இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 39 பேர், பெறாதவர்களில் 26 பேர். இதற்கு விலையும் உண்டு. மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 விழுக்காடு, பெறாதவர்களில் 0.6 விழுக்காடு. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருத்துவர் ஊசி போடுமுன் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார், ஏன் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார் என்பது புரியும். குழாய் வெடித்து வந்த பக்கவாதத்தில் இந்த ஊசி எமனாகிவிடும்.

2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இந்தக் கால எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015-இல் நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ஆய்வும் அதையடுத்து வந்தவையும், பெரிய குழாய் அடைப்பைத் தொடைவழியே மெல்லிய குழாய் செலுத்தி வெளியே இழுத்தெடுக்க முடியும், அதனால் பலன் உண்டு என்று காட்டின. இப்போது டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்தும் பயன்பாட்டில் உள்ளது. ஆல்டெப்ளேஸை ஒரு மணி நேரம் சொட்டுசொட்டாக ஏற்ற வேண்டும். இதை ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம்.

இந்த நாலரை மணி நேரம் வடசென்னைக்காரர்களுக்கு என்ன பொருள் தருகிறது? எண்ணூரிலிருந்து ராயபுரம் பக்கம் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை (பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள்) பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் அந்தத் தொலைவு எவ்வளவு நேரம் என்பதை இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் பார்த்தவரை, சாலையில் போகும் நேரத்தைவிட வீட்டிலேயே போகும் நேரம்தான் அதிகம். 'வாயு பிடித்துக்கொண்டது, படுத்தால் சரியாகிவிடும்' என்று ஒரு மணி நேரம். எண்ணெய் தேய்க்க ஒருவரைத் தேடி ஒரு மணி நேரம். புறா ரத்தம் தடவினால் கைகால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம். முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைத்து, அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரெனப் பார்வை முழுதும் போவதும் இதே அவசரம்தான். விழித்திரைக்குச் செல்லும் தமனி அடைபடுவது கண்ணில் வரும் பக்கவாதம் போன்றது.

நல்லது என்று எல்லோரும் நினைத்த ஒன்று

பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சி பற்றி இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. நம் நாட்டில் இயன்முறை மருத்துவர்கள் போதாது, குடும்பத்தார் உண்டு. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரையே நோயாளிக்குப் பயிற்சி தரச் செய்தால் என்ன? கேட்டவுடன் யாருக்கும் பிடிக்கும் யோசனை. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப்பேர் குடும்பத்துக்குக் கூடுதல் பயிற்சி, மீதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017-இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ வேண்டியவர்களும் சேர்த்து இரு குழுவிலும் 47 விழுக்காடு.

அட்டென்ட் என்ற இந்த ஆய்வைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், பலனில்லாத ஒரு திட்டத்துக்கு அரசுப் பணம் போயிருக்கும். அதைவிட முக்கியம், நோயாளி தேறாவிட்டால் 'நீ ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கவில்லை' என்ற பழி வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்திருக்கும்.

ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதைப் பள்ளியில் செய்த ஒளிச்சேர்க்கைச் சோதனையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரே இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மறைத்து, மறுபகுதியைத் திறந்து வைத்து, பிறகு அயோடின் இடுகிறோம். மறைத்த பகுதி இல்லாவிட்டால், இலை நீலமானதற்கு ஒளிதான் காரணம் என்று சொல்ல வழியில்லை. பக்கவாதத்தில் பலர் மருந்தில்லாமலே ஓரளவு தேறுகிறார்கள். புறா ரத்தத்துக்குப் பெயர் கிடைத்ததும் அப்படித்தான். ஆய்வில் யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தேர்வு செய்வதில்லை, குலுக்கல் போலவே ஒதுக்குகிறார்கள். மருத்துவர் தேர்வு செய்தால், தேறக்கூடியவர்களை அறியாமலே மருந்துப் பக்கம் சேர்த்துவிடுவார்.

ஈல்ஸ் நோய்

1880-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் கண் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், கண்ணுக்குள் மீண்டும் மீண்டும் ரத்தம் கசிந்த இளைஞர்கள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது, மலச்சிக்கலும் இருந்தது. அவை இரண்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்பது பின்னால் தெரிந்தது. சிரைகளில் அழற்சி இருப்பதை அவர் குறிப்பிடவில்லை, வேறொருவர் சில ஆண்டுகளுக்குப் பிறகு எழுதினார். பெயர் மட்டும் ஈல்ஸுக்கு நிலைத்தது. மேலை நாடுகளில் இன்று இது அரிது. இந்தியாவில் கண் மருத்துவமனைக்கு வருவோரில் 200 முதல் 250 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களையே இது தாக்குகிறது. முதலில் விழித்திரையின் ஓரங்களில் உள்ள சிரைகள் வீங்கி வெண்மை படர்கின்றன. பிறகு அவை அடைபட, அந்தப் பகுதிக்கு ரத்தம் போவதில்லை. பட்டினி கிடக்கும் விழித்திரை புதுக் குழாய்களை வளர்க்கிறது. அவசரத்தில் முளைத்த அக்குழாய்கள் வலுவற்றவை. அவை உடைந்து, கண்ணை நிறைத்திருக்கும் தெளிந்த கூழுக்குள் ரத்தம் கலக்கிறது. நோயாளிக்குக் கொசு பறப்பது போல, நூலாம்படை தொங்குவது போல ஏதோ மிதக்கிறது. சிலருக்கு ஒரே நாளில் திரை விழுந்ததுபோலப் பார்வை மறைகிறது. பலருக்கு இரண்டு கண்ணும் பாதிக்கப்படும்.

வலி இல்லை, சிவப்பு இல்லை. சிக்கலே அங்கேதான். 'மெட்ராஸ் ஐ' வந்தால் கண் சிவந்து ஊரே ஒதுங்கிப்போகும், சில நாளில் தானே சரியாகிவிடும். ஈல்ஸ் நோயில் பார்ப்பவர்களுக்குக் கண் நன்றாகவே தெரியும். கசிந்த ரத்தம் சில வாரத்தில் வடிந்து பார்வை திரும்பியதும், கிரேன் ஓட்டும் இளைஞரோ லாரி ஓட்டுநரோ மறுபடி வேலைக்குப் போய்விடுவார். உள்ளே புதுக் குழாய்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அடுத்தடுத்த கசிவில் தழும்புச் சவ்வு உண்டாகி விழித்திரையையே பிடுங்கிவிடக்கூடும். அழற்சி நிலையில் ஸ்டீராய்டு, புதுக் குழாய்களை ஒடுக்க லேசர், வடியாத ரத்தத்தையும் சவ்வையும் நீக்க விட்ரெக்டமி அறுவை என்று ஒவ்வொரு நிலைக்கும் சிகிச்சை உண்டு. தக்க நேரத்தில் வந்தவர்களில் பலர் நல்ல பார்வையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். இந்த நோயாளிகளில் மிகச் சிலருக்கு மூளை ரத்தக்குழாய்களும் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

நம் பகுதியினர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கே போகலாம். 1819-இல் தொடங்கப்பட்ட அது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து உலகிலேயே பழைய கண் மருத்துவமனை.

காசநோயா காரணம்?

இந்நோய்க்குக் காரணம் காசநோய்க் கிருமியோ என்ற ஐயம் வெகுகாலமாக உண்டு. நுரையீரலில் நோய் இல்லாவிட்டாலும், கிருமியோ அதன் எச்சமோ கண்ணில் உடலின் எதிர்ப்பைத் தூண்டலாம் அல்லவா? சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் எச்.என். மாதவன், ஜோதிர்மய் பிஸ்வாஸ் முதலியோர் இதைச் சோதித்தார்கள். அறுவையில் அகற்றிய விழித்திரைச் சவ்வுகளில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருள் உள்ளதா என்று பி.சி.ஆர். முறையில் தேடினார்கள். (கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) 2000-இல் வெளியான முடிவு: ஈல்ஸ் நோயாளிகள் 23 பேரில் 11 பேரிடம் இருந்தது. வேறு கண்நோய்க்காக அறுவை செய்துகொண்ட 27 பேரில் 3 பேரிடம் இருந்தது.

இதை எப்படிப் படிப்பது? பாதிப்பேரிடம் இருந்தது என்பது பெரிய செய்தி. மீதி 12 பேரிடம் இல்லை என்பதும் செய்தி. நோயே இல்லாத மூன்று பேரிடம் இருந்தது எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி, ஏனெனில் காசநோய் பரவலான நாட்டில் கிருமியின் சுவடு இருப்பது மட்டுமே காரணமாகிவிடாது. தொடர்பு இருக்கிறது என்று இந்த ஆய்வு வலுவாகச் சொல்கிறது. ஒவ்வொரு ஈல்ஸ் நோயாளிக்கும் காசநோய் மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இது ஏட்டளவிலான வேறுபாடு இல்லை. காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். அவற்றுள் ஒன்றான எத்தாம்பூட்டால் பார்வை நரம்பையே பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே கண் கெட்டவருக்குத் தேவையில்லாமல் அதைக் கொடுப்பதும் தவறு, தேவையானவருக்குக் கொடுக்காமல் விடுவதும் தவறு. இதைத் தீர்க்கக் குலுக்கல் முறை ஆய்வு வேண்டும். ஆண்டுகள் பல தொடரும் நோயில், ஒரே நிலையில் உள்ள நோயாளிகளைப் போதிய எண்ணிக்கையில் சேர்ப்பது கடினம். எனவே பல நாட்டு மருத்துவமனைகள் தங்கள் பழைய பதிவேடுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கின்றன. குலுக்கல் ஆய்வுக்கு அது ஈடாகாது, ஆனாலும் இருட்டில் ஒரு விளக்கு. இப்போதைக்கு மருத்துவர்கள் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மார்பு ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து நோயாளிக்கு நோயாளி முடிவெடுக்கிறார்கள்.

நோயாளிகள் ஏராளமாக இருந்த காசநோயிலோ சென்னை உலகுக்கே வழிகாட்டியது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுவோரையும் நெரிசலான வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. 1959-இல் வந்த முடிவு: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தந்தது, வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. அதற்குப்பின் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின.

ஆய்வில் சேரக் கேட்டால்

ஸ்டான்லி போன்ற கல்லூரி மருத்துவமனையில் ஆய்வில் சேரச் சம்மதமா என்று உங்களையும் கேட்கலாம். கண்நோயில் யோசிக்க நாள் கிடைக்கும். பக்கவாதத்தில் நோயாளியால் பேச முடியாது, நள்ளிரவில் மனைவியோ மகளோ சில நிமிடத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். 'சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்ற பயம் இயல்பானது. ஆனால் 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, புதிய மருந்துக்கான ஆய்வை நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், விவரங்களை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்தால், எந்த மருந்து, எத்தனை பேரிடம், எந்தெந்த ஊரில் சோதிக்கிறார்கள் என்பதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.