அம்மா ஏறியது கம்பெனி வண்டி! மகள் நடப்பது பள்ளிக்கூடத்துக்கு!

ஆலங்குளம்:

சிவகாசிக்கு மேற்கே, அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர் ஆலங்குளம். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு.) காலை எட்டரை மணி ஆனால் போதும். சீருடை போட்ட பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 40 வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசல் காட்டில் இது அதிசயம்தான்!

இருட்டில் எழுப்புவார்கள்

அப்போதெல்லாம் கோழி கூவும் முன்பே தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்துவிடும். "எந்திரி தாயி, வண்டி வந்தாச்சு!" என்று தாய்மார் எழுப்புவார்கள். தூங்கி வழிந்தபடியே சிறுமிகள் ஏறுவார்கள்.

சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. இதுதான் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பல வீடுகளில் அப்பா முன்பணம் வாங்கியிருப்பார். அதைக் கழிக்க வேண்டியது பிள்ளை!

1980-களில் இந்த வட்டாரத்தில் சுமார் 45 ஆயிரம் சிறுவர், சிறுமியர் வேலை பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அதில் பெண் பிள்ளைகளே அதிகம். ஊர் ஊருக்கு நோட்டுப் புத்தகம் அச்சடித்து அனுப்பியது சிவகாசி. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததோ வெறும் லேபிள்!

கல்யாணக் கணக்கு

"பொம்பளப் புள்ள படிச்சு என்னத்துக்கு? நாலு காசு சேர்த்தா கல்யாணத்துக்கு ஆகும்." இதுதான் அன்றைய கணக்கு. அண்ணன் பள்ளிக்கு, தங்கச்சி கம்பெனிக்கு.

அந்தக் கணக்கு ஒரே நாளில் மாறவில்லை. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்க 1986-ம் வருஷச் சட்டம் தடை போட்டது. 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்பு சொன்னது. சட்டத்தை மீறி சிறுவரை வேலைக்கு வைத்தால், ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும்!

இன்னொன்றும் நடந்தது. 1989-ல் அரசு திருமண உதவித் திட்டம் வந்தது. மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் 5 ஆயிரம் ரூபாய்! கல்யாணத்துக்காகவே படிப்பை நிறுத்தியவர்கள், கல்யாணத்துக்காகவே படிக்க வைக்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் 5 முதல் அது புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்.

பலன் என்ன? 2023 பிளஸ்-2 தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம்!

இன்னும் வருது வண்டி

ஆனால் கம்பெனி வண்டி நிற்கவில்லை. அன்று படிக்க முடியாத சிறுமிகள் பலர் இன்று தாய்மார். வேறு தொழில் தெரியாமல் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் ஆலை வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காலையில் ஏறியவர் மாலையில் இறங்குவார் என்பது இங்கே நிச்சயம் இல்லை.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும், "சும்மாதானே இருக்கே, கூட வா" என்று பிள்ளையைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள்! 18 வயது நிரம்பாதவரை இந்த ஆபத்தான வேலையில் சேர்ப்பது 2016 முதல் குற்றம். கண்ணில் பட்டால் 1098-க்குப் போன் போடலாம்.

அம்மா ஏறிய வண்டியில் மகளும் ஏற வேண்டாம். அந்த எட்டரை மணி நடை நடக்கட்டும்!