மலிவும் மெலிவும்

ஹைதராபாத்தில் வீட்டுப் பற்றவைப்பு வேலைக்குச் சிறிதளவு இரும்பு தேவைப்படுவோர், செகந்திராபாத்தின் ராணிகஞ்ச் கடைகளில் ஒருமுறை விலை விசாரிப்பது நன்று. நீளக்கணக்கில் சொல்லும் விலை குறைவாகத் தோன்றலாம். நாமோ எடைக்கணக்கையே நம்புகிறோம். 40×40×5 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. 6 மீட்டருக்கு 18 கிலோ. தராசு 15 எனக் காட்டினால் அது மலிவன்று, மெலிவு. உருட்டுக் கம்பிக்கு விட்டத்தின் (மி.மீ.) வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டர் எடை கிடைக்கும், 12 மி.மீ. கம்பி ஏறத்தாழ 0.89 கிலோ. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே விலைகளை ஒப்பிடுக.

பூந்தொட்டித் தாங்கிக்கு, பாலாநகர், ஜீடிமெட்லா பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். குழந்தைகள் சாயும் மாடிக் கைப்பிடிக்கோ ஊஞ்சலுக்கோ அவ்விதச் சிக்கனம் வேண்டா, ஐ.எஸ். 2062 தர இரும்பையே ரசீதுடன் வாங்குக. துத்தநாகம் பூசிய பழைய குழாய் எவ்வளவு மலிவாயினும், பூச்சைத் தேய்த்து அகற்றாமல் பற்றவைக்கலாகாது. அதன் வெண்புகை குளிர்காய்ச்சல் தரும்.

6 மீட்டர் நீளம் ஆட்டோவில் ஏறாது; அளவைக் குறித்துச் சென்று கடையிலேயே வெட்டி வாங்கினால் வண்டிக்கூலி மிஞ்சும்.