துருப்பிடித்துக் கிடக்கும் நல்ல கத்திகள்

கத்தி வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? பளபளப்பைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், பெட்டியின் மேல் ஜெர்மனி என்றோ ஜப்பான் என்றோ எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் உள்ள பேரங்காடிகளில் மரக்கட்டையில் செருகிய ஐந்தாறு கத்திகள் ஒரு தொகுப்பாகவே விற்பனைக்கு இருக்கும். வாங்கி வந்தபின் அவற்றில் இரண்டுதான் அன்றாடம் கைக்கு வரும். மற்றவை கட்டையிலேயே குடியிருக்கும். அதே வீட்டின் ஸ்டோர் அறையில், பழைய வாளிக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே, தாத்தாவோ பாட்டியோ தோட்டத்திலிருந்து கொண்டு வந்த ஒரு கத்தி துருவேறிக் கிடக்கும். பழைய இரும்பு வாங்க வருபவரிடம் எடைக்குப் போட வேண்டியது என்று வீட்டார் ஒதுக்கி வைத்திருப்பதும் அதைத்தான்.

அதுதான் பால் வெட்டும் கத்தி. நம்மவர் வீடுகளில் மிகக் குறைவாக மதிக்கப்படும் கத்தி எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

ரப்பர் மரத்திலிருந்து பாலெடுக்கும் வித்தை கத்தி மாறியபோதுதான் மாறியது. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் புண்ணாகி, கரணை கரணையாகப் புடைத்துவிடும். அங்கே மறுபடி வெட்ட முடியாது. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, பட்டையைக் கொத்தாமல் மெல்லிய சீவலாகச் சீவினால், அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கலாம் என்று காட்டினார். தோட்ட முதலாளிகளின் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைத் திணித்தவர் அவர். 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டப்பெயரும் அவருக்குக் கிடைத்தது. பிறகு மலாயா முழுவதும் எழுந்த தோட்டங்கள் அந்த மெல்லிய சீவலை நம்பி எழுந்தவையே.

அந்தச் சீவலின் கனம் என்ன தெரியுமா? ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். இந்தச் சிறு கணக்கில்தான் மரத்தின் ஆயுளே அடங்கியிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழைநாள் போக, ஆண்டுக்குச் சுமார் 150 வெட்டு. வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் ஆண்டுக்கு 22 சென்டிமீட்டர் பட்டை செலவாகிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கும் பட்டை ஐந்தாறு ஆண்டு தாங்கும். கை கனத்து மூன்று மில்லிமீட்டர் சீவினால் அதில் பாதிக் காலத்திலேயே பட்டை தீர்ந்துவிடும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுவெட்டுக்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆகும்.

கனம் மட்டுமா, ஆழமும் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக ஓடுகின்றன. ஆழமாக வெட்டினால்தான் பால் வரும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். ஆகவே உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து நிறுத்த வேண்டும். குழாய்கள் நேராக ஓடாமல் சற்று வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்குகிறது. அப்போதுதான் கூடுதல் குழாய்கள் அறுபடும். இத்தனையும் விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நாளுக்கு ஐந்நூறு மரம் என்ற கணக்கில் நடந்தது. வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் வடிவது தளர்ந்துவிடும் என்பதால் இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். வெட்டியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் 'கைத்திறன் தேவைப்படாத கூலி வேலை' என்று எழுதி வைத்தவர்கள் ஒரு மரமாவது வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கேற்பவே கத்தியும் அமைந்தது. மலேசியாவில் பெரிதும் புழங்கியது 'ஜெபோங்' எனப்படும் கத்தி. அதன் நுனி மடிக்கப்பட்டு ஆங்கில 'வி' எழுத்தைப் போல் இருக்கும். மடிப்பின் ஒரு பக்கம் பட்டையைச் சீவ, மறுபக்கம் பால் வழிந்தோட வாய்க்காலை ஒழுங்குபடுத்தும். வெட்டுபவர் கத்தியைத் தம் பக்கம் இழுத்தபடி மரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நகர்வார். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இலங்கையிலும் 'மிச்சி கோலெட்ஜ்' என்ற வேறொரு வகை பரவியது. உயரப் பட்டையைக் கீழிருந்து மேல்நோக்கி வெட்ட, நீண்ட பிடியுள்ள, குழிந்த வாய் கொண்ட தள்ளுகத்தியும் உண்டு. வீட்டில் கிடப்பது எந்த வகை என்பதை மடிப்பைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

1980-களின் இறுதி வரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகின் முதல் நாடு மலேசியாதான். பிறகு தாய்லாந்து முந்திக்கொண்டது. ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைக்குக் கத்தியே வேறு. இளமரத்துக்கு உளி, வளர்ந்த மரத்துக்கு அலுமினியக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாள். இதை யாரும் ஆசைக்காக வாங்கி வைக்க வேண்டாம். அந்தக் கம்பு மின்கம்பியில் பட்டு உயிர் போன துயரங்கள் உண்டு.

அடுப்படிக்கு வந்தால், ஒதுக்கப்பட்டவற்றில் முதலிடம் அரிவாள்மணைக்கு. கத்தி நிலையாக நிற்க, காய் நகர்கிறது என்பதுதான் அதன் தத்துவம். காலால் மணையை அழுத்திக்கொள்வதால் இரண்டு கையும் காயைப் பிடிக்கக் கிடைக்கின்றன. வாழைப்பூ, பலாக்காய், முருங்கைக்காய், பெரிய மீன் இவற்றை வெட்டுப்பலகையில் வைத்துப் போராடியவர்களுக்கு அதன் அருமை புரியும். நுனியில் துருவலும் இருந்தால் தேங்காய் வேலையும் முடிந்தது. நின்றுகொண்டே சமைக்கும் மேடை வந்ததும் அதற்கு இடமில்லாமல் போனது. கத்தியின் குற்றம் எதுவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மடக்கும் வகையே நல்லது.

பாக்குவெட்டி இன்று சீர்த்தட்டில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. மலாய்க்காரர் இதைக் 'காச்சிப்' என்பார்கள். அவர்களின் வெற்றிலைத் தட்டிலும் இதற்கு இடமுண்டு. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் மிளகு இலையும் காம்பிர்ப் பூவும் இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். காம்பிர் வெற்றிலையோடு மெல்லப்பட்ட பொருள்தான்.

பாராங் கத்தியை அறியாதவர் இல்லை. ஆனால் கடையில் மினுமினுக்கும் மெல்லிய தகடு பாராங் ஆகாது. நல்ல பாராங்கின் முதுகு தடித்து, கனம் நுனிப்பக்கம் சாய்ந்திருக்கும்; வீசும்போது பாதி வேலையை அந்தக் கனமே செய்துவிடும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த பாராங்கை அலட்சியமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் எஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் இருக்கிறது. அது அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் சாணை ஏறும். துருப்பிடிக்காத எஃகு துருவைத் தடுப்பதற்குக் காரணம், அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பது. துருப்பிடிக்காமை ஒரு குணம், கூர்மை வேறொரு குணம். ஒன்றைக் கண்டு மற்றொன்றும் இருக்கும் என்று நம்புவதால்தான் கடையில் ஏமாற நேர்கிறது.

பாராங்கைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்வது வேறு. காரணமின்றிக் காரில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது வேறு. தக்க நோக்கமின்றி ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இனி, ஸ்டோரில் கிடக்கும் அந்தக் கத்தியை எடுத்து என்ன செய்வது? முதலில் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் தேங்காய் நாரால் துருவைத் தேய்த்தெடுக்கலாம். மின்சாணையில் கொடுக்கவே கூடாது. சூடேறினால் எஃகின் பதம் போய்விடும், மடிப்பின் கோணமும் கெட்டுவிடும். மடிப்பின் உட்புறத்தை மெல்லிய சாணைக்கல்லால் தண்ணீர் தொட்டுத் தீட்டி, வெளிப்புறத்தில் எழும் பிசிறை மட்டும் எடுத்தால் போதும். ஈரம் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைக்கலாம். பழைய மரப்பிடியை மாற்றாதிருப்பது நல்லது. விரல் பட்ட தேய்மானம் அதில்தான் இருக்கும். சுற்றிய காகிதத்தின் மேல் இது யாருடைய கத்தி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வரை வெட்டினார் என்று பிடித்தவரிடமே கேட்டு எழுதி வைக்கலாம். பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம்.