சேங்கொட்டைக் குறி வைத்த கொசு

டீ ஆற்றிக்கொண்டிருந்த அத்தை, என் செல்போனில் இருந்த படத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார். கறுப்புப் பின்னணியில் ஒரு கொசுப்புழு, செக்கச்செவேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"கொசுப்புழுவுக்குள்ள எதுக்குடா சீரியல் செட்டு?"

"சீரியல் செட்டு இல்லை அத்தை, குறி. வெளுக்கப் போட்ட துணியில சேங்கொட்டைக் குறி இருக்குமே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பத்து வீட்டு வேட்டி ஒரே வெள்ளாவியில் வேகும். எது யாருடையது என்று சொல்வது ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட கறுப்புப் புள்ளிதான். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. அந்தப் புள்ளியால் வேட்டி வெளுப்பதும் இல்லை, கிழிவதும் இல்லை. இன்னார் வீட்டுத் துணி என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

மரபணு மாற்றத்திலும் அதே சிக்கல்தான். கொசு முட்டைகளுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் புது மரபணுவைச் செலுத்துகிறார்கள். நூற்றுக்கணக்கில் குத்தினாலும் சிலவற்றில்தான் ஒட்டும். எதில் ஒட்டியது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலை செய்யவேண்டிய மரபணுவோடு, ஒளிரும் புரதத்துக்கான மரபணுவையும் சேர்த்துத் தைத்து அனுப்புகிறார்கள். புழு ஒளிர்ந்தால் கூடவே வந்ததும் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவைக் குறியாக வைத்து, மருந்தில் பிழைத்ததைப் பொறுக்கியெடுப்பது பழைய வழி. ஒளிரும் குறிக்கு எதையும் சாகடிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

"அப்ப ராத்திரியில மினுமினுன்னு பறக்குமா? அடிக்கச் சுலபமா இருக்குமே."

அந்த அதிர்ஷ்டம் நமக்கில்லை. மின்மினி தானாக ஒளி உண்டாக்கும்; இந்தப் புரதம் வாங்கிய ஒளியைத்தான் நிறம் மாற்றித் திருப்பித் தரும். வங்கியில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கடியில் நீட்டினால் எண்கள் பளிச்சிடுமே, அந்த வகை. விளக்கை அணைத்தால் இதுவும் வெறும் கொசு.

இந்தக் கதைக்கு ஒரு சிங்க்தான் பிள்ளையார் சுழி என்றேன், அத்தை நம்பவில்லை. 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபிரைடே ஹார்பர் என்ற கரையோர ஊரில், ஜெல்லி மீன்களை அள்ளி வந்து, ஒளிரும் விளிம்பை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கித் துணியில் பிழிந்துகொண்டிருந்தார். ஒளி தருவது எது என்று பிடிபடவில்லை. ஒருநாள் வடிகட்டிய சாற்றை சிங்க்கில் கொட்டினார். சிங்க் உள்ளெல்லாம் நீலமாகப் பளீரென்றது. மீன் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரின் கால்சியம்தான் பற்றவைத்திருக்கிறது.

சாறு நீலமாக ஒளிர்ந்தது, உயிரோடிருக்கும் ஜெல்லி மீனோ பச்சையாக ஒளிரும். நீலம் தரும் புரதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புரதம் இருந்து, அந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகத் தருகிறது. அந்தப் பச்சைப் புரதத்துக்கான மரபணுவை 1992-ல் டக்ளஸ் பிராஷர் என்ற ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்தார். ஆராய்ச்சிக்குப் பணம் வராமல் போகவே, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். வாங்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் சால்ஃபி, அதை பாக்டீரியாவிலும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஒரு குட்டிப் புழுவிலும் வைத்தார். உயிருள்ள புழுவின் தொடு நரம்புகள் பச்சையாகத் தெரிந்தன, 1994-ல் வெளியிட்டார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜெல்லி மீனின் வேறு சரக்குகளும் துணைக்கு வேண்டியிருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. 238 அமினோ அமிலங்கள் கோத்த சரம் பீப்பாய்போல் மடிகிறது. அதன் நடுவில் மூன்று மட்டும் தமக்குள் பிணைந்து, ஆக்சிஜன் பட்டதும் ஒளிரும் சாயமாகிவிடுகின்றன. அதனால்தான் எந்த உயிருக்குள் போனாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. கொசுவின் சிவப்பு மட்டும் வேறு வழி: பவளத்துக்கு உறவான ஒரு கடலுயிரிலிருந்து 1999-ல் கிடைத்தது.

2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, நிறங்களைப் பெருக்கிய ரோஜர் சியன் மூவருக்கும் நோபல். பிராஷர் அப்போது அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாடிக்கையாளர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு பேருக்கு மேல குடுக்க மாட்டாங்களோ?"

"மாட்டாங்க அத்தை."

"ம்."

சரி, கொசுவுக்கு வருவோம். 2009-ல் கேமன் தீவில் ஆய்வகத்து ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். ஆண் கடிக்காது. இவற்றின் குஞ்சுகள் கொசுவாகு முன்பே சாகும்படி மரபணு. ஆனால் காட்டுப் பெண் கொசுக்கள் இந்த மாப்பிள்ளைகளை ஏற்றனவா? தண்ணீர்ப் பொறி வைத்து முட்டைகளைப் பிடித்து, பொரித்து, புழுக்களை நுண்ணோக்கி விளக்கடியில் வைத்து எண்ணினார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்று சிவந்தது.

அத்தை டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எங்க வீட்டுக் குறியோட எதிர்வீட்டு ஜமுக்காளம் ஒரு தடவை வந்திருக்குடா."

இங்கும் வரலாம். சேர்த்துத் தைத்தது பிரிந்து, குறி ஒரு பக்கம் சரக்கு ஒரு பக்கம் போகலாம்; குறி இருந்தும் ஒளிராமல் அடங்கிப் போகலாம். அதனால் ஒளிர்ந்ததையும் ஒருமுறை டிஎன்ஏ சோதனையில் போட்டுப் பார்ப்பார்கள் என்றேன்.

"அந்த ஜமுக்காளத்த நாங்க திருப்பிக் குடுக்கல," என்றார் அத்தை.